கல்லுலேர்ந்து என் பேர எடுங்க

இல்ல பான் ஃப்ளோரியன், தேதி போடச் சொல்லல. தேதி போடணும்னா நான் செத்திருக்கணும்ல? இந்தக் கல்லறைக் கல்லுலேர்ந்து பேரயே எடுக்கச் சொல்றேன். ஆமா, முழுப் பேரும். ஹென்றிகா வியெஷ்பா, பொறந்த வருஷம், பக்கத்துல செத்த வருஷத்துக்காகக் காத்துக்கிட்டு நிக்குதே அந்தக் கோடு, எல்லாத்தையும் தேச்சு எடுத்துருங்க. சகல புனிதர்கள் திருநாளுக்கு ஊரே வெளக்கேத்த வந்துரும், அதுக்குள்ள வேணும். நீங்கதான செதுக்குனீங்க, நீங்கதான் எடுக்கணும்.

என்னது, இதுவரைக்கும் யாருமே கேட்டதில்லையா? சரி, நான் கேக்குறேன்ல. நம்ம கலிஷ் ஊர்ல புருஷன் செத்தா பொண்டாட்டி பேரையும் கையோட செதுக்கிருவீங்க. உளிதான் கையில இருக்கே, இன்னொரு தடவ எதுக்கு வர்றதுன்னு. அன்னிக்கு இருந்த அழுகைல நானும் தலைய ஆட்டித் தொலச்சேன்.

போன வருஷத் திருநாளுக்கு என்ன ஆச்சு தெரியுமா? வாளியும் துணியுமா நான் கல்லத் தொடச்சிட்டு இருக்கேன். இசைப் பள்ளிக்கூடத்து டீச்சரம்மா பிள்ளைங்கள வரிசையா கூட்டிட்டு வந்து நிக்கிறா. பிள்ளைங்களா, இவர்தான் மாபெரும் பியானோ கலைஞர், இசையமைப்பாளர் செவெரின் வியெஷ்பா, இது அவரோட மறைந்த மனைவின்னு சொல்லி, எனக்கும் சேத்து ஜெபம் பண்றா! நான் என்ன பண்ண? ஆமென்னு சொல்லிட்டு வாளியத் தூக்கிட்டு நகந்துட்டேன்.

சிரிக்காதீங்க. அதுக்காகவும் கேக்கல. அந்த வீட்டுல உசுரோட இருந்தப்பவே நான் இருக்கிறது யாருக்குத் தெரிஞ்சுது?

உங்களுக்கென்ன, ரேடியோல அவர் வாசிச்சதக் கேட்டு கண்ணத் தொடச்சிருப்பீங்க. ரொட்டிக்கடைக்காரர் மகன், மாவு பிசையுற பலகைல கரியால பியானோ கட்ட வரைஞ்சு பழகினவர், வார்சாவுல பரிசு வாங்கினவர். எல்லாம் நெசம்தான். பரிசு வாங்கிட்டும் ஓட்டல்ல, சூப்பு குடிக்கிறவங்களுக்கு நடனப்பாட்டு வாசிச்சு வயித்தக் கழுவினார், அதுவும் நெசம். அங்கதான் நான் வர்றவங்க கோட்ட வாங்கி மாட்டிட்டிருந்தேன். கட்டிக்கிட்ட மறுநாளே ஆரம்பிச்சாரு, ஷ்ஷ்ஷ்! கெட்டில் விசில் அடிக்கக் கூடாது, அது அபசுரமாம். கதவு கிறீச்சுங்கக் கூடாது. தும்மல் வந்தா மாடிப்படிக்குப் போய்த் தும்மிட்டு வரணும்.

கிறிஸ்துமஸ் விருந்துக்குக் கெண்ட மீன உசுரோட வாங்கி குளியல் தொட்டில விட்டிருந்தேன், எல்லா வீட்டுலயும் போலத்தான். அது தொபுக்... தொபுதொபுக்குன்னு வால அடிக்குது. மனுஷன் கதவத் தொறந்து, ஹென்றிகா, அந்த மீனுக்குத் தாளமே வரல, என்னன்னு பாருங்கிறார். என்னத்தப் பாக்க? மீன மடில வச்சு தாளம் சொல்லிக் குடுக்கவா? வசந்தத்துல பாத்தா, அந்தத் தொபுக்தொபுக்கயே இடக்கைல போட்டு ஒரு இசை எழுதிருக்கார். நம்ம பேராசிரியர் இருக்காரே, ஜலதோஷம் புடிச்ச வாத்து மாதிரி பேசுவாரே, அவர் மேடையேறி, அன்பர்களே, ம்ம், இந்த இடக்கைல கேக்குறது, ம்ம், நம்ம தேசத்தின் இதயத் துடிப்புன்னார். நான் கைக்குட்டைய வாயில அடைச்சுக்கிட்டு உக்காந்திருக்கேன். ஐயா, உங்க தேசத்த நான் அப்பவே வறுத்துத் தின்னுட்டேன்!

கோவமா? அட, கோவம் அதுக்கில்ல. இருங்க, சொல்றேன்.

கச்சேரிக்கு வந்திருக்கீங்களா? அப்போ மெலானியாவப் பாத்திருப்பீங்க. அதான், அவர் இடது பக்கம் கறுப்பு கவுன் போட்டுக்கிட்டு, இசைத்தாள் திருப்ப ஒருத்தி உக்காந்திருப்பாளே. இவரே எழுதின இசை. கரண்ட் போனா கும்மிருட்டுல தப்பில்லாம வாசிக்கிற ஆளு. அவருக்கு எதுக்குத் தாளு, அதத் திருப்ப எதுக்கு ஆளு? கேட்டேன். மேடைக்கு அதான் மரியாதைன்னார். நானும் நம்பினேன்.

ஒரு தடவ முன்வரிசைல உக்காந்து அவளையே பாத்தேன். வாசிக்கிறவர் லேசா தலைய ஆட்டுவார், அப்புறம்தான் திருப்பணும், அதான் முறை. அன்னிக்கு முழுக்க இவர் தலைய ஆட்டவே இல்ல, பான் ஃப்ளோரியன். அவ பாட்டுக்கு எந்திரிக்கிறா, திருப்புறா. ஒண்ணும் தப்பல. நான் அத்தன காலம் கூட வாழ்ந்தவ, அவருக்கு டீ எப்ப வேணும்னுகூட எனக்குத் தெரிஞ்சதில்ல.

ஆமா, அதேதான். நீங்க முகத்தத் திருப்பிக்க வேணாம்.

சண்ட போட்டிருக்கலாம்தான். அந்த வீட்டுல சத்தம் போடக் கூடாதே.

இப்போ ஞாயித்துக்கிழம நான் வர்றப்பல்லாம் எனக்கு முன்னாடியே இங்க ஒரு வெளக்கு எரியுது. போன வாரம் கருக்கல்லயே வந்து அந்த மரத்துக்குப் பின்னாடி நின்னேன், போலீசு கணக்கா. அவதான். மண்டி போட்டு, பல்லு வெளக்குற பிரஷ்ஷால எழுத்துல படிஞ்ச பாசியச் சொரண்டிட்டு இருக்கா. அவர் பேர மட்டுமில்ல. என் பேரையும்தான். எழுத்து எழுத்தா. அத நான் பாத்திருக்கக் கூடாது. கட்டிக்கல, புள்ள குட்டி இல்ல. நாளைக்கு ஒண்ணுன்னா தூக்கக்கூட ஆளில்லாத சனியன்.

தேச்சா பள்ளம் விழுமா? விழட்டும், பள்ளத்துலயே எழுதுங்க. மெலானியா துஷின்ஸ்கா. ஊரு பேசுமா? பேசிட்டுப் போகட்டும். எனக்கா? ராதோம்ல எங்கம்மா கல்லறைக்குப் பக்கத்துல இடம் இருக்கு, நீங்க ஒண்ணும் கவலப்பட வேணாம்.

அவ பொறந்த வருஷமா? அத நீங்களே போய்க் கேளுங்க. அதோ, கேட்டுக்கு வெளிய என் கார்லதான் உக்காந்திருக்கா. வேணாம் வேணாம்னு வழியெல்லாம் ஒரே அழுக. நீங்க வயசக் கேளுங்க, டக்குனு நிறுத்திருவா.