ராஜாவை அனுப்பிய ஓட்டு

பிரெஞ்சுக்காரர் ஆண்ட காலம். ஊர் மேயர் தேர்தலுக்காகப் பாகூர் கொம்யூன் ஆபீஸில் ஓட்டுப் போட வரிசையில் நின்றேன். எனக்கு முன்னால் கரிக்கலாம்பாக்கத்து விவசாயியும் அவர் மச்சானும் பேசிக்கொண்டிருந்தார்கள்.

“ஸ்பெயின்ல இன்னா ஆச்சு தெரியுமா மச்சான்? இதே மாதிரி ஊர் எலெக்சன்ல ராஜாவோட ஆளுங்க பட்டணத்துல எல்லாம் தோத்தாங்க. ராஜாவே நாட்ட வுட்டுப் பூட்டான்!”

“வெறும் ஓட்டுக்கா?”

“ஓட்டுக்குத்தான்டா! நம்ம மேயர் எம்மாத்திரம்?”

விவசாயியின் முறை வந்தது. ஓட்டுப் பட்டியலோடு உட்கார்ந்திருந்த மேஜைக்காரர் தலை நிமிரவில்லை. “உன் ஓட்டக் காலையிலயே போட்டாச்சு, போ.”

“எவன்யா போட்டான்? அம்மாம் பெரிய ராஜாவே எழுந்து போயிட்டான். என் ஓட்டத் திருடிட்டு நீ இன்னும் குந்திக்கினு கீறியா?”

காவல்காரன் அவரை வெளியே தள்ளினான்.

மச்சான் மேஜைப் பக்கம் குனிந்தார். “என்னுதும் போட்டாச்சா சாமி? யாருக்குப் போட்டேன்னாவது சொல்லுங்க. வூட்ல கேப்பா.”