நடுவுல ஒரு கதவு

இல்ல தம்பி, அந்தப் பார்க் ஓட்டல்ல எதிரெதிர் ரூம் வேண்டாம். பக்கத்துப் பக்கத்துல வேணும். நடுவுல ஒரு கதவு இருக்குமே, இந்த ரூம்லேருந்து அந்த ரூமுக்கு வெளிய வராமலே போற மாதிரி, அந்த ரூம்தான் வேணும். ரெண்டு பக்கமும் தாழ்ப்பாள் இருக்குமா? சரி. எங்க பக்கம் நான் திறந்துக்குவேன். அந்தப் பக்கம் அவங்க திறந்துக்குவாங்க.

எழுதிக்கோங்க. பெரிய ரூம்ல நாங்க. என் வீட்டுக்காரர், நான், எங்க பொண்ணு, மாமியார், நாத்தனார். நாத்தனார்னா அவருக்கு அக்கா. ஆமா, எல்லாரும் ஒரே ரூம்லதான். அவங்களுக்குத் தனி ரூமா? ஐயோ, வேண்டவே வேண்டாம். அவங்க என் பக்கத்துலயே இருக்கணும். அவங்க இல்லாம எனக்கு இந்த டூரே இல்ல. ஏன் சிரிக்கறீங்க? நிஜமாத்தான் சொல்றேன்.

பக்கத்து ரூம்ல ஒரு பொண்ணும் ஒரு சின்னக் குழந்தையும். வேற ஊர்லேருந்து வராங்க. எங்களுக்கு முந்தின நாளே வந்து இறங்கிடணும். நாங்க உள்ள வர்ற நேரத்துல அவங்க வாசல்ல, வரவேற்புல எங்கயும் நிக்கக் கூடாது, அதை மட்டும் அங்க சொல்லிடுங்க. சொந்தமாவா? சொந்தம்தான். ரொம்ப நெருங்கின சொந்தம்.

அவசரமே இல்ல, நீங்க நிதானமா டைப் பண்ணுங்க. எனக்கு இந்த வேலை தெரியும். நானும் பல் டாக்டர் ஒருத்தர்கிட்ட ரிசப்ஷன்லதான் இருக்கேன். நாள் முழுக்க போன், தேதி, பேரு. வலியே இல்லம்மா, சும்மா ஒரு தடவை காட்டலாம்னு வந்தேன்னு ஒருத்தர் சொல்லுவார். கன்னம் இவ்வளவு பெருசா வீங்கியிருக்கும். பொய் சொல்ற வாயைப் பார்த்துப் பார்த்துப் பழகின ஆள் நான். ஆனா பாருங்க, வீட்டுல இருந்த வாயை மட்டும் பார்க்காம விட்டுட்டேன்.

என்ன? ஒண்ணும் இல்ல, எனக்கு நானே பேசிக்கறேன்.

அவரா? லிஃப்ட் கம்பெனில சர்வீஸ் இன்ஜினியர். பாதி நாள் வெளியூர்தான். அங்க ஆஸ்பத்திரி லிஃப்ட் நின்னுபோச்சு, இங்க ஓட்டல் லிஃப்ட் இறங்கலன்னு பையைத் தூக்கிக்கிட்டுக் கிளம்பிடுவார். இந்தப் பார்க்குக்குப் போகணும்னு என் பொண்ணு எவ்வளவு நாளா கெஞ்சியிருக்கா தெரியுமா? உங்க பின்னாடி சுவர்ல இருக்கு பாருங்க, அந்த ராட்சச ரயில், தலைகீழாப் போறது, அந்தப் படத்தைப் பேப்பர்லேருந்து வெட்டி அவ கட்டில் பக்கத்துல ஒட்டி வச்சிருந்தா. கேக்கும்போதெல்லாம் அவர் சொல்றது ஒண்ணுதான். நான் வேலைல ஏறி இறங்கறது போதாதா, லீவுலயும் ஏறி இறங்கணுமான்னு. அப்புறம், அதெல்லாம் எந்த நேரமும் அறுந்து விழும், எனக்கு மெஷின் தெரியும்னு பயமுறுத்துவார். அவளும் நம்பினா. அப்பா மெஷின் தெரிஞ்சவராச்சே.

ஒரு நாள் ஸ்கூல்லேருந்து கூப்பிட்டாங்க. இவ கிளாஸ்ல எல்லார்கிட்டயும் நான் அங்க போயிட்டு வந்தேன்னு சொல்லியிருக்கா. சும்மா இல்ல, தண்ணி தெறிச்சு சட்டை நனைஞ்சது, அப்பா என்னைத் தோள்ல தூக்கிக்கிட்டு பொம்மை ஊர்வலம் காட்டினார்னு கதை கதையா. எல்லாம் வீடியோ பார்த்துக் கத்துக்கிட்டது. இன்னொரு பொண்ணு நிஜமாவே போயிட்டு வந்தவ, எந்த வாசல் வழியா உள்ள போனேன்னு கேட்டுட்டா. மாட்டிக்கிட்டா. டீச்சர் எங்களை உக்கார வச்சு, திட்டாதீங்க, குழந்தைக்கு ஏதோ ஏக்கம்னு நல்லாத்தான் சொன்னாங்க. வீட்டுக்கு வந்ததும் அவர் விட்டார் ஒரு அறை. பொய் பேசற பிள்ளை என் வீட்ல இருக்கக் கூடாதுன்னார். மாமியார் வாசல்படியில நின்னுக்கிட்டு, என் பிள்ளை வாயில பொய்யே வராது, இது யார் வளர்ப்போன்னு என்னைப் பார்த்தாங்க. நாத்தனார் ஒரு படி மேல போய், புருஷனை வீட்டோட தங்க வைக்கத் தெரியாதவ, பிள்ளையை மட்டும் ஒழுங்கா வளர்த்துடுவாளான்னாங்க. அன்னைக்கு ராத்திரியே என் பொண்ணு அந்தப் படத்தைக் கிழிச்சுப் போட்டுட்டா.

அதான் சொன்னேனே, மாமியாரும் நாத்தனாரும் வராம இந்த டூர் இல்லன்னு.

அவர் எப்படி ஒத்துக்கிட்டார்னா? நான் கேக்கவே இல்ல. மாமியார் காதுல போட்டேன். அத்தே, உங்க வயசுல யார் யாரோ பார்த்துட்டு வந்துட்டாங்க, உங்க பிள்ளை உங்களை ஒரு இடத்துக்காவது கூட்டிட்டுப் போனாரான்னு. அவ்வளவுதான். சாப்பிட உக்காந்த நேரம் பார்த்துப் பிடிச்சுக்கிட்டாங்க. அம்மா பேச்சைத் தட்ட மாட்டார். ஆனா இந்த இடத்துப் பேரைச் சொன்னதும் முகத்துல ரத்தம் இல்ல தம்பி. வேற ஒண்ணு புதுசா வந்திருக்கும்மா, கடல் பக்கத்துலன்னார். கடலை நான் என்ன பண்ணப் போறேன், இதுதான் வேணும்னுட்டாங்க மாமியார். கல்யாணம் ஆன நாள்லேருந்து அன்னைக்குத்தான் அவங்களுக்கு ஒரு கரண்டி அதிகமாப் பரிமாறினேன்.

அந்தப் பொண்ணு யாருன்னு திரும்பத் திரும்பக் கேக்கறீங்க. பேரு வேணுமில்ல, புரியுது. சொல்றேன். அதுக்கு முன்னாடி ஒரு பார்சல் வந்த கதையைக் கேளுங்க.

ஒரு நாள் வீட்டுக்கு ஒரு பெட்டி வந்தது. பிரிச்சா, உள்ள ஒத்தைச் செருப்பு. நடந்தா அடியில லைட்டு எரியுமே, அந்த மாதிரி, என் உள்ளங்கை அளவு. கூட ஒரு அட்டை. உங்கள் குட்டி இளவரசி எங்களிடம் மறந்துவிட்டுப் போனதுன்னு. இதே பார்க்குலேருந்து. என் பொண்ணு காலுக்கு என் செருப்பே பத்தும். வீடு மாறி வந்துடுச்சுன்னு நினைச்சு, பாவம் எந்தக் குழந்தை அழுதுக்கிட்டு இருக்கோன்னு, நானே அங்க போன் பண்ணினேன். எடுத்த பொண்ணு அவ்வளவு மரியாதை. அட்ரஸ் சரிதான் மேடம், சார் அடையாள அட்டையில இருக்கற அட்ரஸ்தான், நீங்ககூட முதுகு வலிக்குதுன்னு இன்னொரு தலகாணி கேட்டீங்களே, இப்ப எப்படி இருக்குன்னு கேட்டா.

இப்ப பரவாயில்லம்மான்னேன்.

வேற என்ன சொல்றது? அதுக்கப்புறம் என் வேலை புத்தி வந்துடுச்சு. ஆமாம்மா, அன்னைக்கு உங்க பார்க் வண்டியில எங்களைக் கொண்டு விட வந்த டிரைவர் நல்ல மனுஷன், எந்த அட்ரஸுல இறக்கினார்னு ஒரு தடவை சொல்லேன், குடையை வண்டியில விட்டேனா வாசல்ல விட்டேனான்னு தெரியலன்னு இழுத்தேன். படிச்சுக் காட்டிட்டா. பாவம், அவ மேல தப்பு இல்ல.

ஆமா தம்பி. நீங்க நினைக்கறது சரிதான். அந்த ரூமுக்கு வீட்டுக்காரர் பேருன்னு ஒரு இடம் இருக்குமே, மேல போட்ட அதே பேரைப் போட்டுக்கோங்க. ரெண்டு ரூமுக்கும் புருஷன் ஒருத்தன்தான். இனிமே அவர்னு சொல்ல எனக்கு வாய் வரல, பொறுத்துக்கோங்க.

தண்ணியா? நான் குடிக்கலாம், கொடுங்க. நீங்களும் குடிங்க, உங்களுக்குத்தான் வேர்க்குது.

சண்டை போட வர்றவ இல்ல அவ. நான் அங்க தேடிப் போனேன். பேசினோம். அவ அழுதா, நான் அழலை. நான் பஸ்லயே அழுது முடிச்சுட்டேன். ஒரு துணிக்கடையில கணக்கு பார்க்கறா. அவளுக்கும் எதுவும் தெரியாது தம்பி, அதை மட்டும் நம்புங்க. அவன் வெளியூர் வேலைன்னு இங்க சொன்ன நாளெல்லாம் அங்க. அங்க சொன்ன நாளெல்லாம் இங்க. அவன் குழந்தையைத் தோள்ல தூக்கிக்கிட்டு ஊர்வலம் காட்டின போட்டோவை எனக்குக் காட்டினா. என் பொண்ணு கிளாஸ்ல சொன்ன பொய் அப்படியே அங்க நிஜமா இருக்கு. அதைப் பார்த்தப்பதான் இந்த டூர் என் மனசுல விழுந்துச்சு.

போலீஸ், கோர்ட்டு எல்லாம் அப்புறம் இருக்கு, விடறதா இல்ல. ஆனா அங்க போனா அவனுக்காக வக்கீல் பேசுவார். நான் கேக்கறது அது இல்ல. அவன் அம்மா ஒரு பக்கம், அக்கா ஒரு பக்கம் உக்காந்திருக்கணும். பொய்யே வராத வாய் ஒண்ணு இருக்கே, அது எப்படித் திறக்குதுன்னு அவங்க பார்க்கணும். நான் ஒரு வார்த்தை பேச மாட்டேன். நடுக்கதவைத் தட்டற சத்தம் கேக்கும், எழுந்து போய்த் தாழ்ப்பாளைத் திறப்பேன். அவ்வளவுதான் என் வேலை.

இல்ல இல்ல, அந்தக் கதவைத் தட்டச் சொன்னது அவதான். நான் சாப்பாட்டு ஹால்ல வச்சுக்கலாம்னேன். வேண்டாங்க்கா, அங்கன்னா எழுந்து ஓடிடுவார், ரூம்னா வாசல் பக்கம் உங்க நாத்தனார் உக்காந்திருப்பாங்கன்னா. புத்திசாலி. வேற மாதிரி பழகியிருந்தா எங்களுக்கு நல்லாவே ஒத்துப்போயிருக்கும்.

பிள்ளைங்களா? அதைத்தான் கேக்க வந்தேன். குழந்தைங்களைப் பார்த்துக்கற இடம் ஒண்ணு இருக்காமே அங்க? பந்து, சறுக்கு மரம் எல்லாம் இருக்கும்னாங்க. அந்த நேரத்துக்கு ரெண்டு பேரையும் அங்க போட்டுடுங்க. என் பொண்ணு பெரியவ, சின்னதைப் பார்த்துக்குவா. அதுங்க காதுல ஒரு சத்தம் விழக் கூடாது. முடிஞ்சதும் நாங்க ரெண்டு பேரும் போய்க் கூட்டிட்டு, மிச்ச நாளெல்லாம் சுத்துவோம். எல்லா ராட்டினமும். அவன் இருந்தாலும் சரி, இல்லன்னாலும் சரி. டிக்கெட்டு அதுக்குத் தகுந்த மாதிரியே போடுங்க.

பயப்படாதீங்க, ஒரு கண்ணாடி டம்ளர்கூட உடையாது. நீங்க ரூம் போட்டீங்க, அவ்வளவுதான். உங்க பேரு எங்கயும் வராது.

என்ன கட்டம் அது? விசேஷம் ஏதாவது இருந்தா எழுதணுமா? ஓகோ, பிறந்த நாள், கல்யாண நாள்னா ரூமுக்குக் கேக் அனுப்புவாங்களா? நல்ல வழக்கமா இருக்கே. விசேஷம்... இருக்கு தம்பி. இருங்க, அதுக்கு என்ன பேரு வைக்கறதுன்னுதான் யோசிக்கறேன்.

நான் அவ வீட்டுக் கதவைத் தட்டினேன் இல்லையா, அவ திறந்தா. என்னைப் பார்த்ததும் ஒரு சத்தம் போட்டா பாருங்க, மாடிவீட்டுக்காரங்க எட்டிப் பார்த்தாங்க. அப்படியே சுவரோட சாய்ஞ்சு உக்காந்துட்டா. நான் யாருன்னு இன்னும் சொல்லவே இல்லையே, இவ ஏன் இப்படிப் பயப்படறான்னு எனக்குப் புரியல. உள்ளேருந்து அந்தக் குழந்தை ஓடி வந்தது. என்னை மேலயும் கீழயும் பார்த்துட்டு, அம்மா, சாமிகிட்ட போன பெரியம்மா வந்துட்டாங்கன்னுச்சு. அலமாரி மேல என் போட்டோ. முன்னாடி ஒரு சின்ன விளக்கு எரியுது. அவளைக் கட்டிக்கறதுக்கு முன்னாடியே விபத்துல போயிட்டேனாம். வருஷத்துல ஒரு நாள் என் நினைப்புல சாப்பிட மாட்டானாம். அவளும் அவன்கூடச் சேர்ந்து பட்டினி கிடப்பாளாம்.

என்னைக் கொன்னுட்டுப் போகட்டும் தம்பி. புருஷன் பொண்டாட்டி விவகாரம், அதுக்குக் கோர்ட்டு போதும்னு நானும் விட்டிருப்பேன். அந்தப் போட்டோவுல என் மடியில என் பொண்ணு இருந்தா. ஒரு வயசுல எடுத்தது. அந்த விளக்கு அவளுக்கும் சேர்த்துத்தான்.

அதனால கேக் மேல, நானும் என் பொண்ணும் உயிரோடதான் இருக்கோம்னு எழுதச் சொல்லுங்க. இடம் பத்துமா? பத்தலன்னா கொஞ்சம் பெரிய கேக்கா சொல்லுங்க. முட்டை போடாதது. மாமியாருக்கு முட்டை ஆகாது.