கழுகுக்கு வைத்த சோறு

விடியற்காலை நாலே முக்கால். மாசி மாதம். முதல் பஸ் அவள் ஒருத்தியை மட்டும் இறக்கிவிட்டுப் போய்விட்டது. அங்கிருந்து மியூசியத்துக்குப் பதினைந்து நிமிட நடை… ஒரு பக்கம் காடு, மறுபக்கம் எப்போதோ மூடிய மர ஆலை. உப்புத் தூவிய பனி காலுக்குக் கீழே நறுக் நறுக் என்று நொறுங்கியது. வேறு சத்தம் இல்லை.

கிட்ட வந்து இருங்கள். இந்தக் காட்டுக் குடிலில் இந்த நெருப்பை விட்டால் வேறு வெளிச்சம் கிடையாது. நடந்தது யாரோ எவருக்கோ அல்ல. அதோ மூலையில் இருக்கிறானே சிறீதரன், அவனுடைய பெரியம்மா மகளுக்கு. பெயர் புனிதவதி. சிறீதரன், நான் எங்கேயாவது கூட்டிச் சொன்னால் குறுக்கே வந்து சொல்லு. ஊரின் பெயரை மட்டும் யாரும் கேட்கக் கூடாது. சொன்னால் வருகிற ஞாயிறே பிள்ளைகளையும் இழுத்துக்கொண்டு பார்க்கப் போய்விடுவீர்கள், உங்களை எனக்குத் தெரியாதா?

புனிதவதிக்கு அங்கே புட்ஸ் வேலை. மியூசியம் திறப்பதற்கு முன் கூட்டித் துடைத்து முடிக்க வேண்டும். அன்று தோள்பையில் இரண்டு சாப்பாட்டுப் பெட்டிகள் இருந்தன. ஒன்று அவளுக்கு, மற்றது செத்துப்போன தம்பி நிருசனுக்கு. முதல் நாள் மத்தியானத்துக்குப் பிறகு அவள் தேத்தண்ணீர்கூடக் குடிக்கவில்லை. வயிற்றில் பசி. பசியைவிடப் பெரிதாய்க் கோபம்.

ஏன் கோபம் என்று கேளுங்கள். நிருசன் 2009இல், வன்னியில், இதே மாசியில் செத்தவன். இருபத்திரண்டு வயது. அவனுடைய நாளில் சமைத்துப் படைத்து, இலையில் எடுத்துக் காகத்துக்கு வைப்பாள். காகம் தொட்டால்தான் செத்தவன் சாப்பிட்டான். அதன் பிறகுதான் இருக்கிறவர்கள் வாயில் வைக்கலாம். நமக்கு இதை யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை. முன்பு அவள் இருந்த வீட்டுக்குப் பின்னால் சோளக் காணி, காகங்களும் பழகியிருந்தன. புதிய வீட்டுக்கு மாறியதும் வந்தது வினை.

முதல் வருடம் பால்கனியில் வைத்தாள். காகம் வரவில்லை, ஃபெர்வால்டுங்கிலிருந்து கடிதம் வந்தது. வீட்டு நிர்வாகம்! பறவைகளுக்குத் தீனி வைத்தால் எலி வரும், இது முதல் எச்சரிக்கை, அன்பான வணக்கங்களுடன். கூடவே ஒரு படம். கீழ் வீட்டுக்காரர் யாரோ எட்டிப் பார்த்து எடுத்திருக்கிறார்… வாழையிலை, சோறு, பருப்பு, கத்தரிக்காய்ப் பிரட்டல். செத்தவனுடைய சாப்பாட்டைக் குற்றவாளியைப் போலப் படம் எடுத்து அனுப்புகிற நாட்டை என்ன சொல்லி ஏசுவது? அடுத்த வருடம் பூங்காவில் வைத்தாள். ஒரு நாய் வந்து நக்கித் தீர்த்தது. நாய்க்குச் சொந்தக்காரன் அவளைத்தான் பேசினான், தன் நாய்க்கு வயிறு பலவீனமாம். மூன்றாம் வருடம் ஆற்றங்கரை. ஒரு பகல் முழுக்கக் குளிரில் நின்றாள். ஒன்றும் வரவில்லை. இருட்டியதும் இலையைச் சுருட்டிக்கொண்டு, பட்டினியோடே போய்ப் படுத்தாள்.

மூன்று வருடமாகத் தம்பி சாப்பிடவில்லை. இந்த வருடமும் அவன் பட்டினி என்றால் தனக்குப் பைத்தியம் பிடிக்கும் என்று அவள் சிறீதரனிடம் போனில் சொல்லியிருக்கிறாள். இவனும் வழக்கம்போல “பாப்பம் அக்கா” என்று சொல்லி வைத்திருக்கிறான். தலையைக் குனியாதே, உண்மையைத்தானே சொல்கிறேன்.

சரி, மியூசியம். பெரிய மண்டபத்தில் மார்கழியில் ஒரு கழுகைக் கொண்டுவந்து தொங்கவிட்டார்கள். இப்போது உலகத்தில் இல்லாத கழுகு. நியூசிலாந்தில் இருந்ததாம், ஹாஸ்ட் கழுகு என்று பெயர். இறக்கையை விரித்தால் இந்தக் குடிலின் கதவால் நுழையாது. நகம் புலியின் நகம் அளவு. தொங்கியது உருவம்தான், உள்ளே கம்பியும் பஞ்சும். ஆனால் அதற்குக் கீழே கண்ணாடிப் பெட்டிக்குள் இருந்த ஒற்றைக் கால் எலும்பு உண்மையானது. அறுநூறு வருட எலும்பு. தேன் நிறம்.

பக்கத்தில் ஒரு பலகை. புனிதவதிக்கு எழுத்து ஜெர்மன் ஓடாது. கூட வேலை செய்கிற யசோதரா இங்கே படித்த பிள்ளை, அவள்தான் ஒரு நாள் வாசித்துச் சொன்னாள். அந்தக் கழுகு மோவா என்று ஒரு பறவையைத் தின்று வாழ்ந்ததாம். பறக்கத் தெரியாத, ஆளைவிட உயரமான பறவை. மனிதர்கள் கடல் வழியாக அந்தத் தீவுக்கு வந்தார்கள். காட்டை எரித்தார்கள். மோவாவைப் பிடித்துத் தின்றார்கள், முட்டையையும் விடவில்லை, நூறு, நூற்றைம்பது வருடத்தில் ஒன்றுகூட மிச்சமில்லை. கழுகுக்குத் தின்ன ஒன்றும் இல்லாமல் போனது. கழுகை யாரும் வேலைமெனக்கெட்டுக் கொன்று தீர்க்கவில்லை, உணவு முடிந்ததால் அழிந்தது என்று பலகை முடிந்ததாம்.

புனிதவதி துடைப்பத்தைத் தரையில் எறிந்தாள். யசோதரா திடுக்கிட்டுப் போனாள்.

“அப்ப அது கொலை இல்லையோ?” என்றாள் புனிதவதி. “தின்னுறதை எல்லாம் தாங்கள் தின்னுவினம், பிறகு அது தானாச் செத்ததெண்டு போர்டு எழுதுவினமோ?”

ஒரு கழுகுக்காக இவ்வளவு கோபமா என்று யசோதரா யோசித்தாளாம். கழுகுக்காக இல்லை. அது அவளுக்கு அப்போது தெரியாது. யாருக்குமே தெரியாது, பதினைந்து பதினாறு வருடம் புனிதவதி வாய் திறக்கவில்லை. பதுங்கு குழிக்குள் அன்று ஒரு தகரப் பேணிக் கஞ்சிதான் இருந்தது. அவளுக்குப் பாதி, தம்பிக்குப் பாதி. அவன் தண்ணீர் எடுக்கப் போயிருந்தான். அவள் தன் பாதியைக் குடித்தாள்… பிறகு அவனுடைய பாதியையும் குடித்தாள். வந்தவன் பேணியைப் பார்த்தான். சிரித்துக்கொண்டே, கஞ்சி குடுக்கிற வரிசைக்குப் போறன் என்று அந்த வெறும் பேணியை எடுத்துக்கொண்டு போனான். வரிசையில் ஷெல் விழுந்தது.

அவள் அவனைக் கொல்லவில்லை. அவனுடைய சாப்பாட்டைத்தான் சாப்பிட்டாள். இப்போது விளங்குகிறதா அந்தத் துடைப்பம் யார் மேல் விழுந்தது என்று?

முதல் பஸ்ஸில் வந்த அந்தக் காலை, யசோதரா மேல் மாடியில் மெஷினால் தூசு உறிஞ்சிக்கொண்டிருந்தாள். புனிதவதி மண்டபத்தில் தனியே. வெளியே காகம் இல்லை, வைக்க இடமும் இல்லை, வைத்தால் கடிதம். நிமிர்ந்து பார்த்தாள். தலைக்கு மேலே இறக்கை விரித்தபடி ஒரு பறவை. அதுவும் பசியில் செத்த பறவை.

கண்ணாடிப் பெட்டிக்குப் பக்கத்தில், கழுகின் இறக்கைக்கு நேர் கீழே தரையைத் துடைத்து இலையைப் போட்டாள். சோறு, பருப்பு, பிரட்டல், ஒரு துண்டு வடை. முழங்காலில் இருந்து கும்பிட்டாள்.

இங்கேதான் பிழை விட்டாள். காகத்தைத்தான் கூப்பிட வேண்டும்… கா, கா என்று. செத்தவனைப் பெயர் சொல்லிக் கூப்பிடுகிற வழக்கம் நமக்கு இல்லை. அவள் கூப்பிட்டாள். கூப்பிட்டதோடும் விட்டாளா? கோபம், அழுகை, பசி மயக்கம், எல்லாம் சேர்ந்து வந்தது.

“நிருசன், வந்து தின்னடா. என்ரை பங்கையும் சேர்த்துத் தின்னு.”

மண்டபத்து விளக்குகள் ஆள் அசைந்தால்தான் எரியும். அவள் அசையாமல் இருந்தாள். ஒவ்வொன்றாக அணைந்தன… வாசல் பக்கம், நடு, கடைசியாக அவளுடைய தலைக்கு மேலே. கும்மிருட்டு. மாடியில் தூசு உறிஞ்சும் சத்தமும் நின்றுவிட்டது.

முதலில் மணம் வந்தது. நனைந்த இறகு, அதற்குள் எரிந்த காட்டின் சாம்பல். பிறகு காற்று, மேலிருந்து கீழே, ஒரே ஒரு தரம். அவளுடைய நெற்றி மயிர் பறந்து கண்ணில் விழுந்தது. பிறகு மரத் தரையில்… டக். நிறுத்தம். டக். பெரிய பாரம் ஒன்று ஒற்றைக் காலைத் தூக்கித் தூக்கி வைத்தது. இலை கிழியும் சத்தம். விழுங்கும் சத்தம். மூச்சு அவளுடைய முகத்துக்கு நேரே, சூடாக. அவள் அசைந்தால் விளக்கு எரிந்திருக்கும். அவள் அசையவில்லை. அவன் சாப்பிட்டு முடிக்கட்டும் என்று கையைக் கூப்பியபடி இருந்தாள்.

யசோதரா படியிறங்கி வந்ததில்தான் விளக்கு எரிந்தது. இலையில் ஒரு பருக்கை இல்லை. இலை நாலு கீலமாய்க் கிழிந்திருந்தது, தரையிலும் நாலு கோடு, விரல் ஆழத்துக்கு. கழுகு மேலே கம்பியில் தொங்கியபடியே இருந்தது. புனிதவதி சிரித்துக்கொண்டிருந்தாள். தம்பி சாப்பிட்டிட்டான், இனி நான் சாப்பிடலாம் என்றாள்.

பணியாளர் அறைக்குப் போய்த் தன் பெட்டியைத் திறந்தாள். கழுவித் துடைத்ததுபோல வெறுமையாய் இருந்தது. யசோதரா தன் பாணில் பாதி வெட்டிச் சாப்பாட்டுத் தட்டில் வைத்துவிட்டுத் தேத்தண்ணீர் எடுக்கத் திரும்பினாள். திரும்பிப் பார்த்தால் தட்டு மட்டும் இருந்தது. இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

அன்று தொடக்கம் இதுதான். அவள் தட்டில் எதை வைத்தாலும் வாய்க்குப் போவதற்குள் இல்லை. கண்ணை இமைத்தால் போதும். நாலு கிழமையில் சேலை உடம்பில் நிற்காமல் போனது. ஆஸ்பத்திரியில் ஊசியால் ஏற்றியது மட்டும்தான் உடம்பில் நின்றது. டொக்டர்மார் இரத்தம் எடுத்தார்கள், படம் எடுத்தார்கள், கடைசியில் மனநல டொக்டரிடம் எழுதிக் கொடுத்தார்கள். அந்தப் பெண் ஒரு மொழிபெயர்ப்பாளரை வைத்துக்கொண்டு, ஏன் சாப்பிடாமல் உங்களை நீங்களே தண்டிக்கிறீர்கள் என்று கேட்டாளாம். தான் சாப்பிடாமல் இருக்கவில்லை, தன்னுடையதை வேறு ஆள் சாப்பிடுகிறது என்று புனிதவதி சொன்னாள். அதை அவர்கள் எப்படி எழுதிக்கொண்டார்களோ எனக்குத் தெரியாது.

விஷயம் கேள்விப்பட்டுச் சிறீதரன் போனான். ஞாயிற்றுக்கிழமை, பட்டப்பகல். கதவைத் திறந்தவளைப் பார்த்து இவனுக்கு அழுகை வரவில்லை, ஆத்திரம் வந்தது. எலும்பும் தோலும். சமையலறை மேசையைச் சுற்றி மூன்று கதிரை, ஒன்று வெளியே இழுத்து வைத்திருந்தது. இவன் தானே சோறு வடித்து, சொதி வைத்து, பிசைந்து, என் கையால் தீத்துகிறேன், பார்ப்போம் எவன் பறிக்கிறான் என்று எதிரே இருந்தான். அப்போதுதான் அவள் அந்தக் கஞ்சிக் கதையை முதல் தடவையாகச் சொன்னாள். அழாமல் சொன்னாளாம்.

இவன் கவளத்தை அவளுடைய உதட்டுக்குக் கிட்டக் கொண்டுபோனான். கண்ணை இமைக்கவே இல்லை என்று சத்தியம் செய்கிறான். கவளம் போய்விட்டது. இரண்டு விரலின் நுனி கிழிந்து இரத்தம் மேசையில் சொட்டியது. அந்த மணமும் வந்தது, நனைந்த இறகின் மணம்.

சிறீதரன் எழும்பிக் கத்தினான். வாயில் வந்த தூஷணம் எல்லாம் சொன்னான். “செத்தது செத்ததாப் போ. அவவை விடு” என்று அந்த வெறும் கதிரையைப் பார்த்துக் கையை ஓங்கினான்.

புனிதவதிக்கு வந்த கோபத்தை அவன் வாழ்நாளில் பார்த்ததில்லையாம். இருக்கிற கொஞ்ச உயிரையும் திரட்டிக்கொண்டு எழும்பி நின்றாள்.

“சாப்பிடேக்கை ஆரும் ஏசுறதோ?” என்றாள். “அண்டைக்கும் அவன் வாய் திறந்து ஒண்டும் கேக்கேல்லை. இண்டைக்கெண்டாலும் நிம்மதியாத் தின்னட்டும். நீ வெளியிலை போ.”

இவன் போகவில்லை. வெறும் கதிரையிலிருந்து ஒரு இருமல் கேட்டது… சோறு புரைக்கேறினால் வருமே, அந்த இருமல். ஆம்பிளைப் பிள்ளையின் இருமல்.

அவள் உடனே குரலைத் தணித்தாள். மெல்லத் தின்னடா, ஆரும் பறிக்கமாட்டினம் என்றாள். கதிரைக்குப் பக்கத்தில் போய், புரைக்கேறின பிள்ளைக்கு உச்சந்தலையில் தட்டுவதற்குக் கையை நீட்டினாள். தலை இருக்க வேண்டிய இடத்தில் கை நிற்கவில்லை. இன்னும் உயர்த்தினாள். இன்னும். குதிக்காலை எக்கி, தன் தலைக்கும் மேலே, ஒன்றுமில்லாத இடத்தில் மூன்று தரம் தட்டினாள்.

சிறீதரனுக்கு அந்தச் சத்தம் கேட்டது. எலும்பில் தட்டுகிற சத்தம்.