மூன்றாம் தொட்டியின் சிவப்பு

டீ வேண்டாம் இன்ஸ்பெக்டர் மேடம். நான் வெளியில் டீ குடிப்பதில்லை. அத்தனை கிளாஸையும் ஒரே வாளித் தண்ணீரில் முக்கி எடுப்பதை ஒருமுறை பார்த்துவிட்டால் உங்களுக்கும் தொண்டையில் இறங்காது. சுத்தம் என் குணம். அந்தக் குணம் புரிந்தால், என்னை இங்கே உட்கார வைத்திருக்கும் விஷயம் பாதி புரிந்த மாதிரி. மீதியை நானே சொல்லிவிடுகிறேன். ஏட்டையா நிதானமாக டைப் அடிக்கட்டும். ஒரு விரலால்தான் அடிக்கிறார், பார்த்தேன். குறையாகச் சொல்லவில்லை.

எர்ணாவூர்ப் பக்கம் இருக்கும் எங்கள் எண்ணெய்க் கிடங்கில், மூன்றாம் தொட்டிக்குள் கசடு வார இறங்கிய அன்புமணி விஷவாயுவில் செத்துப்போனான். தொட்டி வாசலில் திரை சிவப்பாக இருந்தும், குடிபோதையில் பார்க்காமல் இறங்கிவிட்டான் என்கிறது நிர்வாகம். திரை பச்சையாக இருந்தது என்கிறான் கூட இருந்த தீனா. தீனா பேச்சை யார் எடுத்துக்கொள்வார்கள்? அன்புமணியின் மனைவி கார்குழலி இரண்டு மாதமாக கேட்டில் நின்று கேட்பது ஒரே கேள்விதான். சிவப்பா, பச்சையா? என் புருஷன் குடிகாரனா, இல்லையா?

நியாயமான கேள்வி. பதில் தெரிந்தவன் நான் ஒருவன். கிடங்கின் கணினிகளைப் பார்த்துக்கொள்கிற செல்வநாதன்.

அந்தத் திரைகளின் மகிமையை முதலில் சொல்ல வேண்டும். நான்கு வருஷத்துக்கு முன்னால், ஒவ்வொரு தொட்டி வாசலிலும் ஒரு திரை வைத்தோம். பிளான்ட் ஹெட் பட்டு வேட்டியில் வந்து குத்துவிளக்கேற்றினார். திரைக்குச் சந்தனம், குங்குமம். ‘பூஜ்ஜிய விபத்து’ என்று எழுதிய கேக் வெட்டினார்கள்; பூஜ்ஜியம் இருந்த துண்டு எனக்கு வந்தது. அதற்கு முன்பெல்லாம் ஆள் இறங்கும் முன் கையடக்க மீட்டர் ஒன்றைக் கயிற்றில் கட்டி உள்ளே விட்டு வாயு இருக்கிறதா என்று பார்ப்பார்கள். திரை வந்த பிறகு மீட்டர் கண்ணாடி அலமாரிக்குப் போனது. ஆயுத பூஜைக்கு எடுத்துப் பொட்டு வைப்போம், திரும்ப உள்ளே வைப்போம். அதில் பேட்டரி இருக்கிறதா என்று யாரும் கேட்டதில்லை. சாமியிடம் போய் சாப்பிட்டீர்களா என்று கேட்பதில்லை அல்லவா, அந்த மாதிரி.

திரை எப்படி வேலை செய்கிறது என்றால், சிரிக்காதீர்கள். எங்கள் ஆய்வகத்தில் ரஹீமுன்னிசா என்று ஒரு அம்மா. ராயபுரத்துக்காரர். ஒரு தொட்டியில் வாயு இருப்பது தெரிந்தால், அதன் பெயரில் சர்வரில் ஒரு கோப்பு, அதாவது ஃபைல், போடுவார். கோப்பு இருந்தால் திரை சிவப்பு. இல்லாவிட்டால் பச்சை. இதற்குத்தான் குத்துவிளக்கு.

கோப்பைப் போடும் இடமோ, தற்காலிகக் கோப்புகளுக்கான இடம். வேறு எங்கே எழுதுவதானாலும் தலைமை அலுவலகத்தில் மூன்று பேர் கையெழுத்து வேண்டும். தற்காலிக இடத்தில் யாரும் எழுதலாம். ஆகவே ஆள் சாகாமல் காக்கிற கோப்பு குப்பையோடு குப்பையாகக் கிடந்தது. பிளான்ட் ஹெட்டின் பேரன் காதுகுத்துப் படங்கள், முறைப்படி கையெழுத்து வாங்கி, நிரந்தரச் சேமிப்பில் இருந்தன.

இப்போது என் வேலை. லினக்ஸ் ஓடுகிற சர்வரில், தற்காலிகக் கோப்புகளைத் தானாக உருவாக்கவும் தானாகத் துடைக்கவும் ஓர் ஏற்பாடு உண்டு. ஒரு பட்டியல் எழுதி வைத்தால் போதும். வரிக்கு ஓர் எழுத்து முன்னால் நிற்கும். ‘டி’ என்று தொடங்கினால், இந்த இடம் இருக்கட்டும், இத்தனை நாளான கோப்புகளை அழி. ‘எக்ஸ்’ என்றால், இதை மட்டும் தொடாதே. ‘எஃப்’ என்றால், இந்தக் கோப்பு இல்லாவிட்டால் உருவாக்கு. தினம் ஒருமுறை சர்வர் பட்டியலைப் படித்துத் தானே கூட்டிப் பெருக்கிவிடும். மனிதர்களிடம் நான் பார்க்காத ஒழுங்கு அது. நான் பத்து நாள் கெடு வைத்திருந்தேன்.

எனக்கு முன்னால் சர்வரைப் பார்த்துக்கொண்ட பொன்ராஜ், ரஹீமுன்னிசாவின் கோப்புகளுக்கு ஓர் எக்ஸ் வரி போட்டிருந்தார். அதற்கு மேலே ஒரு குறிப்பு: ‘இதைத் தொடாதே. இதைப் பார்த்துத்தான் ஆள் உள்ளே இறங்குகிறான்.’ சர்வரில் எழுதுகிற குறிப்பா இது? பஸ்ஸில் எழுதி வைக்கிற வாசகம். இரண்டு வருஷத்துக்கு முன்னால் சர்வர் என் பொறுப்புக்கு வந்த முதல் வாரமே அந்த வரியை எடுத்துவிட்டேன். விதிவிலக்கு ஒன்றுகூட இல்லாத சர்வர் என்று அறிக்கை அனுப்பினேன். பாராட்டுக் கடிதம் வந்தது. லேமினேட் செய்து வைத்திருக்கிறேன்.

அப்போதே உங்களுக்குத் தெரியுமா என்று கேட்கிறீர்கள். குறிப்பைப் படித்தேன் என்று சொன்னேனே. எனக்குத் தமிழ் தெரியும்.

பதினோராம் நாள் ஒரு கோப்பு காணாமல் போனதும் ரஹீமுன்னிசா ஓடி வந்தார். நல்லவேளையாக அன்று யாரும் தொட்டியில் இறங்கவில்லை. முறைப்படி டிக்கெட் போடுங்கள் என்றேன். கணினிப் பிரிவில் எந்த வேலை ஆக வேண்டுமானாலும் டிக்கெட் போட வேண்டும், விண்ணப்பம் மாதிரி. போட்டார். பிளான்ட் ஹெட்டின் ஒப்புதல் இல்லை என்று மூடினேன். பிளான்ட் ஹெட்டிடம் போனார். ‘சின்ன விஷயம்மா, நீங்களே பேசித் தீர்த்துக்கோங்க’ என்று அவர் தம் பெருந்தன்மையைக் காட்டிக்கொண்டார்.

அந்த அம்மா கண்டுபிடித்த வழியைப் பாருங்கள். கோப்பைத் திறந்து மறுபடி சேமித்தால் அதற்கு வயது திரும்பவும் சுழியத்தில் தொடங்கும். பத்து நாள் கெடு தள்ளிப்போகும். ஆகவே திங்கட்கிழமைதோறும் வந்து ஒவ்வொரு கோப்பாகத் திறந்து சேமிக்க ஆரம்பித்தார். இரண்டு வருஷம். ஒப்பந்தக்காரர் ஆட்கள் அதற்குப் பெயரே வைத்துவிட்டார்கள், ஃபைலுக்குத் தண்ணி ஊத்துறது.

“இன்னாக்கா, தண்ணி ஊத்திட்டியா? செடி வாடிடப் போவுது,” என்பான் தீனா.

“ஊத்திட்டேன்டா. நீ போய் மொதல்ல மூஞ்ச கழுவு, கலீஜா கீது.”

இப்படித்தான் பேசுவார்கள். ஓர் ஆய்வகப் பொறுப்பாளரும் ஒப்பந்தத் தொழிலாளியும் பேசிக்கொள்கிற லட்சணம்.

பிறகு ஒரு பாதுகாப்புக் கூட்டம். தலைமை அலுவலகத்திலிருந்து இரண்டு பேர் வந்திருந்தார்கள். முந்திரி, பிஸ்கட், ஏசி. மூன்றாம் தொட்டி ஏன் இன்னும் சிவப்பு, எப்போது கசடு வாருவது என்று பேச்சு வந்தபோது ரஹீமுன்னிசா எழுந்து சொன்னார்: “வாயு இன்னும் எறங்கல சார். வாராவாரம் அந்தச் செவப்ப நான்தான் காப்பாத்திகினு வரேன். ஒரு வாரம் அசந்தா நம்ம செல்வநாதன் சார் தொடப்பத்த எடுத்துகினு வந்துடுவாரு.”

எல்லோரும் சிரித்தார்கள். பிளான்ட் ஹெட் முந்திரி புரையேறச் சிரித்தார். நானும் சிரித்தேன். துடைப்பம். பதினாறு வருஷ அனுபவம், ஏழு சான்றிதழ். நான் கோபப்படவில்லை மேடம். கோபப்படுகிறவர்கள் கத்துவார்கள். நான் ஒரு வரிகூடக் கத்தியதில்லை.

அடுத்த மாதம் ரஹீமுன்னிசா உம்ராவுக்கு மெக்கா கிளம்பினார். இரண்டு வாரம் லீவு. கிளம்புகிற திங்கட்கிழமை காலையில் தண்ணீர் ஊற்றிவிட்டு என் மேசைக்கு வந்தார். “சார், அடுத்த திங்கக்கெழமை ஒருவாட்டி மூணாம் நம்பரை மட்டும் நீங்க தொறந்து சேவ் பண்ணிடுங்க. துவா செய்யறேன் உங்களுக்கு.”

“டிக்கெட் போட்டுவிட்டுப் போங்கள்,” என்றேன்.

போட்டார். ‘தொட்டிக்குள் வாயு இருக்கிறது, தயவுசெய்து’ என்று அதில் இருக்கும். விவரம் போதவில்லை என்று மூடினேன். எங்கள் மென்பொருளில் ஒரு அசட்டுத்தனம் உண்டு. டிக்கெட்டை எந்தக் காரணத்துக்காக மூடினாலும், போட்டவருக்கு ஒரே கடிதம்தான் போகும்: ‘உங்கள் கோரிக்கை நிறைவேற்றப்பட்டது.’ விமான நிலையத்திலிருந்து அவர் எனக்குக் கைகூப்பும் படம் ஒன்று அனுப்பினார். நான் கட்டைவிரல் அனுப்பினேன்.

திங்கட்கிழமை வந்தது, போனது. கணக்குப்படி அந்த வார வெள்ளிக்கிழமை காலை ஆறு மணிக்கு சர்வர் கூட்டிப் பெருக்கும்போது மூன்றாம் தொட்டியின் கோப்பு போயாக வேண்டும். போகும், பச்சையாகும், ஒரு பெரிய களேபரம் நடக்கும், அந்த அம்மா வந்து தலை குனிந்து நிற்பார் என்பதுதான் என் எண்ணம். ஆள் சாக வேண்டும் என்று நான் எங்கும் எழுதி வைக்கவில்லை.

வழக்கமாக ஒன்பதரைக்குப் போகிறவன், அன்று ஏழு மணிக்கே போய்விட்டேன். ஒழுங்காக வேலை நடந்திருக்கிறதா என்று பார்க்க ஆசை. நடந்திருந்தது. மூன்றாம் தொட்டி நல்ல பச்சை. ஒரு மாதமாகக் காத்திருந்த சூப்பர்வைசர், திரையைப் பார்த்ததுமே ஆட்களை அனுப்பிவிட்டார். தொட்டி வாசலில் அன்புமணியும் தீனாவும் இடுப்பில் கயிறு கட்டிக்கொண்டிருந்தார்கள். நான் அந்த வழியாகத்தான் நடந்தேன்.

“வாடை வர்து மாமு,” என்றான் தீனா.

“எந்த டேங்க்குல சாம்பிராணி வாடை வந்துச்சு? சும்மா இருடா.” பிறகு அன்புமணி என்னைப் பார்த்தான். “இன்னா சார், மூணு பச்சையாயிடுச்சு? நேத்து வரிக்கும் செவப்பா இருந்துச்சே.”

எட்டடி தூரம் இருக்கும். வாயில் பல்குச்சி. குடித்தவன் மாதிரித் தெரியவில்லை. ஏட்டையா, இதைத் தனி வரியாகப் போடுங்கள். குடிக்கவில்லை.

“திரையில் என்ன இருக்கிறதோ அதுதான்,” என்றேன்.

“அப்ப எறங்கலாமா சார்?”

“என்னை ஏன் கேட்கிறாய்? திரையைப் பார்.”

“கம்ப்யூட்டர் சாரே சொல்டாரு, வாடா,” என்று பல்குச்சியைத் துப்பிவிட்டு முதலில் அவன் இறங்கினான். எதற்காக அவ்வளவு அவசரம் என்று தெரியவில்லை. மத்தியானம் மகளின் பள்ளிக்கூடத்துக்குத் தான் போக வேண்டுமென்று தீனாவிடம் சொல்லிக்கொண்டிருந்தானாம்.

நான் என் அறைக்குப் போய்க் கேமராவில் பார்த்தேன். கயிறு நான்கு நிமிஷம் அசைந்தது. பிறகு அசையவில்லை. தீனா இழுத்தான், கத்தினான் போலிருக்கிறது. எங்கள் கேமராவில் சத்தம் வராது. அறைக்கு வெளியே அபாயச் சங்குக்கான பொத்தான் இருக்கிறது. பாதுகாப்புத் துறைக்காரர்கள் மட்டுமே அழுத்த வேண்டும் என்று அதில் எழுதியிருக்கிறது. நான் கணினித் துறை.

வெளியே ஆள் ஓடும் சத்தம் கேட்டதும் வேலையைத் தொடங்கினேன். பட்டியலில் ஓர் எஃப் வரி சேர்த்தேன். மூன்றாம் தொட்டியின் கோப்பு இல்லாவிட்டால் உருவாக்கு. கூடவே பொன்ராஜின் எக்ஸ் வரியை, அந்தக் குறிப்போடு, பழைய இடத்திலேயே திரும்ப வைத்தேன். ஒரு கட்டளை. கோப்பு வந்தது. திரை சிவந்தது. அன்புமணியை மேலே தூக்கும்போது அது சிவப்பாகத்தான் இருந்தது. எல்லோரும் அதைத்தான் பார்த்தார்கள், படம் பிடித்தார்கள், அறிக்கையில் ஒட்டினார்கள். குடிபோதை என்பது பிளான்ட் ஹெட்டின் சொந்தக் கற்பனை. அதில் எனக்குப் பங்கில்லை.

நான்கு வருஷத்தில் அந்தக் கோப்புக்கு முதல்முறையாக நிரந்தரமான ஏற்பாடு. மின்சாரம் போய் வந்தாலும் தானாக உருவாகும். செய்தது நான். யாரும் ஒரு நன்றி சொல்லவில்லை.

சாயங்காலம் கார்குழலி வந்தாள். கேட்டில் கூட்டம் சேர்ந்துவிட்டது. அவளுக்கு மட்டும் திரையைக் காட்டி அனுப்பிவிடு என்றார் பிளான்ட் ஹெட். என் அறைக்குக் கூட்டி வந்தார்கள். அழவில்லை. செருப்பை வாசலிலேயே கழற்றிவிட்டு வந்தாள். அது எனக்குப் பிடித்திருந்தது.

“சார், அவங்க இன்னான்னாலும் சொல்வாங்க. நீங்க சொல்லுங்க. செவப்பா, பச்சையா?”

மூன்றாம் தொட்டியின் திரை தெரிகிற மானிட்டரை அவள் பக்கம் திருப்பினேன். நெடுநேரம் பார்த்தாள்.

“எம்மாம் பெரிய செவப்பா கீது. இத்தக்கூட பாக்காமயா சார் எறங்கிச்சு, அது?”

அவள் கேட்டதற்கு என்ன உண்டோ அதைத்தான் சொன்னேன். சிவப்பு என்றேன். அந்த நேரத்தில் அது சிவப்புதான். பொய் சொல்கிற பழக்கம் எனக்குக் கிடையாது மேடம்.