பலகையில் எழுதிய அளவு

உங்கள் தேநீரில் சர்க்கரை கூடுதல். குறை சொல்கிறேன் என்று நினைக்காதீர்கள், ஐயா. இருபத்தாறு வருஷம் குதிரைகளுக்குத் தீனி நிறுத்துப் போட்டவனுக்கு நாக்கிலும் ஒரு தராசு வந்துவிடுகிறது. காலையிலிருந்து இந்த ஸ்டேஷன் நாற்காலியை விட்டு அசையாமல் கேள்வி கேட்கிற உங்களுக்கு இரண்டு கரண்டி எதற்கு? சட்டைப் பொத்தான் பிய்த்துக்கொள்ளப் பார்க்கிறது. உங்களுக்கும் சாம்பலுக்கும் ஏறக்குறைய ஒரே வேலைதான்.

சாம்பல் என்பது குதிரை. பல் டாக்டருடையது. எங்கள் சவாரிப் பள்ளி லாயத்தில் கட்டியிருந்தார். வாரத்தில் இரண்டு நாள், முக்கால் மணி நேரம், வேலிக்குள் நடை, கொஞ்சம் ஓட்டம். இதை லேசான வேலை என்போம். அந்தக் குதிரைக்கு ஒன்பது கிலோ காய்ந்த புல், நாலு வேளையாகப் பிரித்து. நக்குவதற்கு உப்புக்கட்டி. வாளி நிறையத் தண்ணீர். தாதுப்பொடி ஒரு கரண்டி. கொள்ளும் ஓட்ஸும் முதுகு ஒடிய உழைக்கிற குதிரைக்கு உள்ளவை. சும்மா நிற்கிறதுக்குப் போட்டால் ஒன்று குளம்பில் சூடாக இறங்கி நோவெடுக்கும், இல்லையென்றால் தலைக்கு ஏறித் துள்ளவைக்கும்.

இது டாக்டருக்குப் புரியவில்லை. ஊர்ப் பிள்ளைகளை வாயைத் திறக்கச் சொல்லி, இனிப்பைத் தொடாதே என்று அதட்டுகிறவர், சாம்பலுக்கு மட்டும் பை நிறைய வெல்லம் கொண்டுவருவார். சேணத்தில் அவர் உட்காருகிற அழகுக்கு ஓர் அரிசி மூட்டையை ஏற்றிக் கட்டலாம். அது இன்னும் நேராக உட்காரும்.

"என்னய்யா, என் குதிரை எலும்பும் தோலுமா நிக்குது?"

"இல்லீங்க டாக்டர், இப்பதான் அளவா இருக்கு."

"எனக்கே பாடம் எடுக்கிறியா?"

எடுக்கவில்லை. பாடம் ஏறுகிற தலையா அது? சாம்பலுக்கென்று அவர் அனுப்பிய ஓட்ஸ், கொள்ளு மூட்டைகளைப் பிரித்து, நாள் முழுக்கப் பிள்ளைகளைச் சுமக்கிற பள்ளிக் குதிரைகளுக்குப் போட்டேன். மூன்று வருஷம் அப்படித்தான் ஓடியது. சாம்பலின் விலா கைக்குத் தட்டுப்படும், கண்ணுக்குத் தெரியாது. அதற்கு ஒரு நாள்கூடக் கால் நொந்ததில்லை.

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில், சொல்லாமல் வந்து நின்றார். அவருடைய ஓட்ஸ் வேறொரு குதிரையின் தொட்டியில் கிடந்தது. லாயத்து ஆட்கள், சவாரிக்கு வந்த பெற்றோர்கள், எல்லோர் எதிரிலும் என்னைத் தீனித் திருடன் என்றார். நான் விளக்கம் சொல்ல வாயெடுத்தேன். கையை நீட்டி நிறுத்திவிட்டார். சாம்பலின் கதவுப் பலகையில் அழியாத மையால் அவரே எழுதினார்: ஓட்ஸ் மூன்று கிலோ, கொள்ளு இரண்டு கிலோ, வெல்லம் அரை கிலோ, தினமும்.

"இதுல ஒரு பிடி குறைஞ்சாலும் நீ வெளியே. படிக்கத் தெரியும்ல?"

"தெரியுங்க."

படித்தேன். படித்தபடி செய்தேன். எடுத்த எடுப்பில் முழு அளவையும் கொட்டியிருந்தால் குதிரைக்கு வயிறு முறுக்கிக்கொண்டிருக்கும். நான் அப்படிப்பட்ட ஆள் இல்லை. நாளுக்குக் கொஞ்சமாகக் கூட்டி, பத்தாம் நாள் பலகை அளவுக்குக் கொண்டுவந்தேன். அதற்குள் மழை பிடித்துக்கொண்டது. வேலிக்குள் சேறு, சவாரி இல்லை. வேலை இல்லாத நாளில் தானியத்தைக் குறைக்க வேண்டும் என்பது லாயம் கூட்டுகிறவனுக்குக்கூடத் தெரியும். பலகையில் அப்படி எழுதியிருக்கவில்லை. பன்னிரண்டாம் நாள் குளம்பைத் தொட்டுப் பார்த்தேன், சுட்டது. பதினான்காம் நாள் சாம்பல் கதவை உதைத்துக்கொண்டே இருந்தது. அன்றும் ஐந்து கிலோ தானியத்தைக் குறையாமல் நிறுத்துப் போட்டேன். எல்லாம் அந்தக் குதிரையின் நன்மைக்குத்தான். ஒரு தடவை பட்டால்தான் அவருக்கு உறைக்கும். விழுவார், கை ஒடியும், எழுந்து வந்து பலகையைப் பார்ப்பார். இதுதான் நான் நினைத்தது.

பதினைந்தாம் நாள் வெயில் அடித்தது. கொள்ளு என்றால் வாயைத் திறக்கும், கடிவாளம் என்றால் வாயை மூடும் என்பார்களே, அன்று சாம்பலுக்குக் கடிவாளம் மாட்ட இரண்டு பேர் தேவைப்பட்டார்கள். வெளியே கொண்டுவந்தால், தொப்பி போட்டு நின்றது டாக்டர் இல்லை. அவருடைய மகள். பதினான்கு வயது. அப்பாவுக்கு முதுகு பிடித்துக்கொண்டதாம். அவர் வேலிக்கு வெளியே செல்போனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நின்றார்.

அந்தப் பெண்ணை நான் குறை சொல்ல மாட்டேன். அந்த வீட்டில் என்னிடம் ஒரு வார்த்தை கேட்டு நடந்தவள் அவள் ஒருத்திதான். அன்றும் கேட்டாள்.

"மாமா, சாம்பல் இன்னைக்கு ஒரு மாதிரி இருக்கே. ஏறலாமா?"

வேலிக்கு வெளியே அவர் சிரித்துக்கொண்டிருந்தார். அவருடைய குதிரை, அவருடைய தீனி, அவருடைய எழுத்து. நான் எதற்குக் குறுக்கே வர வேண்டும்?

"நல்லா சாப்பிட்டிருக்கு பாப்பா. ஏறு."

சேணப் பட்டையை இழுத்துப் பார்த்தேன். கால் வைக்கத் தோள் கொடுத்தேன். என் வேலையில் ஒரு குறையும் சொல்ல முடியாது. இரண்டாவது சுற்றில் சாம்பல் பின்னங்கால்களைத் தூக்கியது. அவள் கழுத்து வேலியின் இரும்புக் குழாயில் மோதியது. நான் ஓடவில்லை, ஓடி ஆகப்போவது ஒன்றுமில்லை என்று பார்த்ததுமே தெரிந்துவிட்டது.

எழுதிக்கொள்ளுங்கள், ஐயா. தெரிந்துதான் போட்டேன், தெரிந்துதான் ஏற்றிவிட்டேன். டாக்டர் வேலியைத் தாண்டி விழுந்தடித்துக்கொண்டு வந்தார். மகளை மடியில் போட்டுக்கொண்டு கத்தினார். நான் சாம்பலின் கதவை அகலத் திறந்து, பலகை அவர் கண்ணுக்கு நேராகத் தெரிகிறபடி பிடித்துக்கொண்டு நின்றேன். ஆம்புலன்ஸ் வந்து போகும்வரை பிடித்திருந்தேன். அவ்வளவு நடந்தும், அந்த மனுஷர் ஒரு தடவைகூடத் திரும்பிப் பார்க்கவில்லை.