ஆந்தைக்குப் பின்னால்

— கையில எடுத்தீங்க, திருப்பிப் பாத்தீங்க, வச்சுட்டீங்க. பிடிக்கலைன்னா பிடிக்கலைன்னு சொல்லுங்க அண்ணி. இப்படி மரம் மாதிரி நிக்காதீங்க.

— தொப்பி நல்லாத்தான் இருக்கு, குட்டி.

— நல்லா இருந்தா வாங்குங்க.

— சரி. வாங்கிடலாம்.

— பாத்தீங்களா, பாத்தீங்களா! இதத்தான் சொல்றேன். நான் சொன்னேன்னு வாங்குறதெல்லாம் செல்லாது. காலையில என்ன பேசிக்கிட்டோம்?

— ஞாபகம் இருக்கு.

— எங்க, சொல்லுங்க பாப்போம்.

— சாயந்திரம் உனக்கு ரயில். அதுக்குள்ள எனக்குன்னு ஆசப்பட்டு நான் ஒரு பொருள் வாங்கணும். வாங்கினா என்னை என் வீட்டுல விட்டுட்டு நீ போவே. வாங்கலைன்னா நானும் பெட்டியத் தூக்கிட்டு உன் பின்னாடி வரணும்.

— அதேதான். அண்ணன் போனதுலேர்ந்து நீங்க வாயத் திறந்து ஒரு காபி கேட்டு நான் பாக்கல. குடுத்தா குடிக்கிறீங்க, குடுக்கலைன்னா சும்மா இருக்கீங்க. இப்படி ஒரு ஆளத் தனியா விட்டுட்டு நான் எப்படி ரயில் ஏறுவேன்?

— நான் அங்க வந்து என்ன பண்ணப்போறேன்?

— ஏன், என் வீட்டுல என்ன முள்ளா கெடக்கு?

— அப்படி இல்ல குட்டி. என் வீட்டுல எந்த சுவிட்சு எந்த லைட்டுக்குன்னு இருட்டுலகூடத் தெரியும். உன் வீட்டுல தெரியாது. வேற ஒண்ணும் இல்ல.

— அப்ப ஆசப்படுங்க! அந்த நீலத் தொப்பிக்கு ஆசப்படுங்க. இந்த வெள்ளைக்கு ஆசப்படுங்க.

— ஆசை என்ன குழாயா, திருகினா வர்றதுக்கு?

— அழவாவது அழுங்களேன். ஒரு தடவ. எனக்காக.

— பல்லு புடுங்க ஊசி போடுவாங்கல்ல. அப்புறம் கன்னத்தத் தொட்டா தொடுறது தெரியும், வலி தெரியாது. யாரோ ஒருத்தர் கன்னம் மாதிரி இருக்கும். அப்படித்தான் இருக்கு. நீ என்னைத் தொடுறே, இழுக்கிறே, எல்லாம் தெரியுது.

— ...வாங்க, வெளியில போவோம். தலை, தலை! வாசல் குட்டை.

— தெரியும். அவரு ஒவ்வொரு தடவையும் இங்க இடிச்சுக்குவாரு.

— அவனா? அவன் சொந்த வீட்டு வாசல்லயே இடிச்சுக்குவான். ஆமா, இந்தத் தெரு எவ்வளவு பழசு? கல்லெல்லாம் தேஞ்சு வழவழன்னு கெடக்கு.

— கோட்டை இருந்த காலத்துலேர்ந்து இருக்குங்கிறாங்க. அந்த வளைவு வாசலுக்கு அந்தப் பக்கம் சந்தை, இந்தப் பக்கம் வண்டிக்காரங்க வீடு. மணிக்கூண்டுக் கடிகாரம் ஓடாது. நின்னு நாளாச்சு.

— நீங்க பாடம் ஒப்பிக்கிற மாதிரி சொல்றீங்க.

— அவரு சொன்னதத்தான் சொல்றேன்.

— நில்லுங்க நில்லுங்க. இது கடையா, மாடிப்படியா?

— மாடிப்படிக்குக் கீழதான் கடை. பொத்தான் மட்டும் விக்கிறாங்க.

— வெறும் பொத்தானா? அய்யோ, இத வச்சு ஒருத்தர் பொழைக்கவும் முடியுதா! அண்ணி, இந்தச் சிப்பிப் பொத்தானப் பாருங்க, வெளிச்சத்துல என்னமா மின்னுது! நான் ஒரு டஜன் எடுத்துக்கறேன்.

— எந்தச் சட்டைக்கு?

— சட்டை அப்புறம் தச்சுக்கலாம். நீங்க ஒண்ணு எடுங்க.

— எனக்குப் பொத்தான் எதுக்கு?

— எனக்கு மட்டும் எதுக்காம்? ஆசைக்கு எதுக்குன்னு கேக்கக் கூடாது அண்ணி. காலையிலேர்ந்து நான் ஒரு துப்பட்டா, ரெண்டு கம்மல், இப்ப பொத்தான். நீங்க என் பையத் தூக்கிட்டு வர்றீங்க. யாருக்காக வந்தோம்னே தெரியல.

— பை கனமா இல்ல. நீ வாங்கு.

— ஒண்ணு கேக்கட்டுமா? மாசா மாசம் ரெண்டு பேரும் ஜோடி போட்டுக்கிட்டு இங்கதான் வருவீங்க. அண்ணன் போன்ல பீத்திக்குவான், இந்தக் கடை பாத்தோம், அந்தக் கடை பாத்தோம்னு. ஆனா வீட்டுல தேடிப் பாத்துட்டேன், இங்கேருந்து வாங்கின ஒரு ஸ்பூன்கூட இல்லையே?

— வாங்கினதே இல்ல.

— ஒரு தடவகூடவா?

— அவரு ஒரு சட்டம் வச்சிருந்தாரு. முதல் தடவ பாத்ததும் வாங்கக் கூடாது. அடுத்த மாசம் வந்து பாக்கணும். அப்பவும் கடையில இருந்தா அது நமக்குன்னே இருக்குது, வாங்கிக்கலாம்.

— கஞ்சன். ஊர் உலகத்துல இல்லாத சட்டம்.

— கஞ்சத்தனம் இல்ல. விளையாட்டு. அதுலயும் திருட்டு விளையாட்டு. எனக்கு எது பிடிச்சிருக்குன்னு என் மூஞ்சியப் பாத்தே கண்டுபிடிச்சிடுவாரு. நான் வாயத் திறக்க வேண்டியதில்ல. கடைக்காரர் அந்தப் பக்கம் திரும்பினதும் அத எடுத்து உள்ள தள்ளி மறைச்சிடுவாரு. வேற யார் கண்ணுலயும் பட்டுடக் கூடாதுன்னு.

— கள்ளப் பய! சின்னதுல என் மிட்டாய எல்லாம் அப்பா கோட்டுப் பையில ஒளிச்சு வப்பான். அப்பாவ யாரு சோதனை போடுவாங்க?

— இங்க அதே புத்திதான். கடையிலயே அசிங்கமான பொருள் எதுன்னு முதல்ல பாப்பாரு. அதுக்குப் பின்னாடி வப்பாரு. அதத்தான் யாரும் தொட மாட்டாங்களாம்.

— அப்படியுமா ஒண்ணுகூட மிஞ்சல?

— மிஞ்சல. அடுத்த மாசம் வந்தா போயிருக்கும்.

— எல்லாமுமா? அவன் சும்மா விட்டானா?

— மூஞ்சியத் தொங்கப்போட்டுக்குவாரு. போனா போகுது, அடுத்த மாசம் வேற பாக்கலாம்பேன். அடுத்த கடைக்குள்ள நுழைஞ்சதும் மறந்துடுவாரு.

— பாவம் அண்ணன்.

— ம்.

— இந்த சோப்புக் கடை வேணாம், தும்மல் வருது. அதோ, கோடியில பழைய மரக்கதவு போட்டிருக்கே, அது என்ன கடை?

— மண்பாண்டம், பீங்கான். அங்க வேணாம்.

— ஏன்?

— கடைசியா வந்தது அங்கதான்.

— அப்ப அங்கதான் போகணும்.

— குட்டி.

— வேணாம்னு சொன்னீங்கல்ல? காலையிலேர்ந்து இப்பத்தான் அண்ணி ஒண்ண வேணாம்னு சொல்றீங்க. எனக்கு அதுவே போதும். கையக் குடுங்க. படி வழுக்குது.

— வாங்கம்மா, வாங்க. பையெல்லாம் அந்த மேடையில வச்சுட்டு நிதானமாப் பாருங்க. தப்பா நெனைக்காதீங்க, பை இடிச்சு நேத்துதான் ரெண்டு தட்டு போச்சு.

— அடேங்கப்பா, உள்ள எவ்வளவு பெரிசு! சுவத்துல என்ன இது, இரும்பு வளையம்?

— குதிரை கட்டினதும்மா. இது லாயமா இருந்த இடம். தப்பா நெனைக்காதீங்க, மழைக்காலத்துல இன்னும் வாடை வரும்னு என் வீட்டுக்காரி சொல்லுவா... அட, அம்மா நீங்களா! ஐயா எங்க, வழக்கம்போல வாசல்ல இடிச்சுக்கிட்டு நிக்கிறாரா?

— அண்ணன் தவறிட்டாருங்க.

— ...அடடா.

— பரவால்ல. உங்களுக்குத் தெரியாதுல்ல.

— தப்பா நெனைக்காதீங்கம்மா. தெரிஞ்சிருந்தா நான் அப்படி...

— பரவால்லங்க. குட்டி, பாத்துட்டியா, போலாமா?

— இருங்க அண்ணி. இது என்ன கண்றாவி? கோழியா?

— ஆந்தைம்மா. பூச்சாடி. தலையில ஓட்டை இருக்கு பாருங்க, அதுல பூ வைக்கணும். என் மச்சான் செஞ்சது. கடையில வச்சே ஆகணும்னு வீட்டுக்காரி ஒத்தக் கால்ல நின்னா, வச்சுட்டேன். இதுவரைக்கும் ஒருத்தரும் விலை கேக்கல.

— ஒரு கண்ணு நம்மளப் பாக்குது, ஒரு கண்ணு தெருவப் பாக்குது. இதவிட அசிங்கமா கடையில வேற எதுவும்... அண்ணி!

— போலாம் குட்டி.

— அண்ணி, இதுக்குப் பின்னாடி ஒரு ஜாடி இருக்கு.

— பச்சையா?

— பச்சைதான்.

— கைப்பிடி கொஞ்சம் கோணலா ஒட்டியிருக்கும்.

— பாக்காமயே சொல்றீங்க! அய்யோ அண்ணி, இருக்கு! மிஞ்சிருச்சு! எவ்வளவு தூசி பாருங்க, யாரும் தொடவே இல்ல. அவன் உங்களுக்குன்னு எடுத்து வச்சது அப்படியே இருக்கு. பிடிங்க, கையில பிடிங்க!

— பிடிச்சுட்டேன்.

— ஒண்ணும் தோணலையா?

— கனமா இருக்கு.

— அவ்வளவுதானா? குடுங்க இப்படி. கடைக்காரரே, இத நல்லாத் துடைச்சுக் கட்டுங்க. உங்களுக்கு இது தெரியாது, எங்கண்ணன் பொருள ஒளிச்சு வப்பாரு, இவங்களுக்காக.

— தெரியுமேம்மா.

— தெரியுமா?

— ஐயா ரொம்ப ரகசியமா செய்யறதா நெனச்சுக்குவாரு. எதிர்ல கண்ணாடி மாட்டியிருக்கேன், எல்லாம் தெரியும். நான் பாக்காத மாதிரி திரும்பிக்குவேன். ஒரு நாளும் எடுத்து வெளிய வச்சதில்ல. வைக்க வேண்டியதும் இருக்காது.

— ஏன் இருக்காது?

— தப்பா நெனைக்காதீங்கம்மா, சொல்லலாமா?

— சொல்லுங்க. பரவால்ல.

— ஐயா ஒளிச்சு வச்சுட்டு முன்னாடி போவாரு. அம்மா பின்னாலயே வந்து, அத எடுத்து வாசல் பக்கம், தெருவுல போறவங்க கண்ணுல படுற மாதிரி வச்சுட்டுப் போவாங்க. ரெண்டு நாள்ல வித்துடும். ஐயாவுக்கு அது தெரியாது. ரெண்டு பேருக்கும் ஏதோ பிணக்கு போலன்னு நெனச்சு நானும் வாயே திறக்கல.

— அண்ணி? இவரு என்ன சொல்றாரு?

— சரியாத்தான் சொல்றாரு.

— எல்லாக் கடையிலயுமா?

— எல்லாக் கடையிலயும்.

— அவன் மூஞ்சியத் தொங்கப்போட்டுக்குவான்னு சொன்னீங்க. நான்கூட பாவம்னேன். நீங்கதான் அதப் பண்ணிட்டு நின்னீங்களா? அவன் ஆசையா உங்களுக்கு எடுத்து வச்சத?

— அவருக்கு ஒரு பழக்கம் உண்டு. நெனச்சது கிடைச்சிட்டா அதோட விட்டுடுவாரு. பாட்டு கத்துக்கறேன்னாரு, ஒரு பாட்டு முழுசா வந்ததும் விட்டாரு. நீச்சல் அப்படித்தான். இங்க ஒரு பொருள் கிடைச்சிருந்தா, சரி கிடைச்சாச்சுன்னு வீட்டுல உக்காந்திருப்பாரு. எனக்கு ஜாடி வேணாம், தட்டு வேணாம். மாசத்துக்கு ஒரு நாள் அவர்கூட இந்தத் தெருவுல நடக்கணும். கிடைச்சுட்டா அப்புறம் எதுக்கு வரணும்?

— அவன்கிட்ட சொல்லியிருக்கலாமே.

— சொன்னா வருவாரு. நான் கூப்பிட்டேன்னு வருவாரு. நீ சொன்னேன்னு நான் தொப்பி வாங்குற மாதிரி.

— ...அப்ப இந்த ஜாடி மட்டும் ஏன் இங்கயே இருக்கு?

— அந்த முக்காலி இன்னும் அங்கயேதான் இருக்கா?

— இருக்கும்மா. அன்னிக்கு ஐயா உக்காந்தாரே, அதே இடத்துல.

— ஆந்தைக்குப் பின்னாடி தள்ளி வச்சாரு. திரும்பினாரு. மூச்சு வாங்குதுன்னு சொல்லி அதுல உக்காந்தாரு. இவரு தண்ணி கொண்டுவந்தாரு. ஒண்ணுமில்ல, படி ஏறினதுதான்னு சிரிச்சாரு. நான் கையப் பிடிச்சுக் கூட்டிட்டுப் போயிட்டேன். ஜாடி ஞாபகமே வரல.

— அண்ணி...

— அன்னிக்கு மட்டும்தான் எடுத்து வைக்கல. அது மட்டும்தான் மிஞ்சியிருக்கு.

— அழறீங்களா?

— இல்ல. வரல.

— சரி. நான் ஒண்ணும் கேக்கல. ஜாடிய வாங்கிட்டுப் போவோம். அவன் கை பட்டது. வீட்டுல இருக்கட்டும். நான் போய் ரயில் ஏறுறேன்.

— வேணாம்.

— வேணாமா? அண்ணி, இதுவும் வேணாம்னா என்னால உங்கள விட்டுட்டுப் போக முடியாது. பேச்சு பேச்சுதான். நேரா வீட்டுக்குப் போறோம், பெட்டி கட்டுறோம்.

— ஜாடிய அதே எடத்துல வச்சுடுங்க. துடைச்சுட்டு வைங்க.

— வச்சுட்டேன்மா.

— அந்த ஆந்தைய எனக்குக் கட்டிக் குடுங்க.

— ஆந்தையவா! அம்மா, தப்பா நெனைக்காதீங்க, அத நான் சும்மாவே குடுத்துடுவேன், ஆனா வீட்டுக்குப் போய் என்னைத் திட்டக் கூடாது.

— அண்ணி, விளையாடாதீங்க. எதையாவது கையக் காட்டிட்டு என்னை வண்டி ஏத்திடலாம்னு பாக்காதீங்க. ஆசப்பட்டு எடுக்கணும், ஆசப்பட்டு!

— ஆசப்பட்டுத்தான் கேக்குறேன்.

— இந்தக் கோணக் கண்ணு ஆந்தைக்கா?

— அது போயிட்டா ஜாடி தெருவுக்கு நல்லாத் தெரியும், குட்டி. அடுத்த மாசம் நான் வந்து பாக்கணும், போயிருச்சான்னு.