விளம்பரத்துக்கு ஓர் அளவு

டிவி வாங்கலாம் என்று முதலில் சொன்னதே நான்தான், டாக்டர். அதனால் என்னை டிவிக்கு விரோதி என்று நினைத்துவிடாதீர்கள். அவளை வெளியில் உட்காரவைத்துவிட்டு என்னை மட்டும் கூப்பிட்டுக் கேட்கிறீர்கள். சொல்கிறேன்.

மலைக்கோயில் மடைப்பள்ளியில் எனக்குச் சமையல் வேலை. விடிவதற்கு முன் படியேறினால் உச்சிக்கால நைவேத்தியம் முடித்துத்தான் இறங்குவேன். சாப்பிட்டுக் கண்ணயரும் நேரத்தில் என் சம்சாரம் சாரதாம்பாளுக்குச் சீரியல். அதில் எல்லோரும் ரகசியம் பேசுவதுபோல அழுவார்கள். அவள் சத்தத்தைக் கூட்டி வைப்பாள். சட்டென்று விளம்பரம் வரும். சோப்புத்தூள் விற்கிறவன் என் தலைமாட்டில் நின்று கூவுவான். எழுந்து உட்கார்ந்துவிடுவேன்.

பொங்கலுக்கு உப்புப் போட எங்களுக்கு ஓர் அளவு உண்டு. விளம்பரத்துக்கு ஒருவரும் அளவு வைக்கவில்லை. கேபிள்காரர் சடகோபனிடம் முறையிட்டேன்.

"சாமி, அது மெட்ராஸ்லேர்ந்தே அப்படித்தான் வந்துகினு இருக்குது. நான் இன்னா பண்ண?" என்றார்.

சாரதாவிடம், விளம்பரத்துக்கு மட்டுமாவது குறை என்றேன். "கொறைச்சிக்கினும் ஏத்திக்கினும் இருந்தா நான் கதைய எப்பங்க பாக்கறது?" என்றாள். நியாயமான கேள்விதான்.

மடைப்பள்ளியில் வாயில் துணி கட்டிக்கொண்டுதான் சமைப்போம். எச்சில் தெறிக்கக்கூடாது, பேச்சும் கூடாது. நெய் வேண்டுமென்றால் கண்ணாலேயே கேட்போம். பேசாமல் பேசுவது எனக்குக் கைவந்த கலை. அதை வீட்டுக்குக் கொண்டுவந்தேன், அவ்வளவுதான். ஒருநாள் மோர் கேட்டு வாயை மட்டும் அசைத்தேன்.

"என்னங்க?" என்றாள். மறுபடியும் அசைத்தேன். பிறகு கத்தினேன். "டிவி சத்தத்துல உன் காது போய்க்கினு இருக்குது, சாரதா" என்று வருத்தப்பட்டேன். மறுநாளும் அப்படியே, அதற்கு மறுநாளும்.

பாவம், பயந்துவிட்டாள். எங்கள் தெருவில் எல்லோரும் கத்திப் பேசுகிறவர்கள். அது கேட்கிறது, மெல்லிய குரல்தான் கேட்கவில்லை என்று அவளே முடிவு கட்டிக்கொண்டாள். விளம்பரம் வந்தால் சத்தத்தை அடியோடு நிறுத்தினாள். கிருத்திகை பஜனைக்குப் போவதையும் நிறுத்தினாள். சுருதி தப்பினால் நாலு பேர் சிரிப்பார்களாம். நன்றாகப் பாடுவாள். ஆர்.கே.பேட்டையிலிருந்து அவள் தங்கை மணியம்மை போன் செய்தால் என்னிடம் நீட்டிவிடுவாள். இதையெல்லாம் நான் சொல்லவில்லை, தானாகச் செய்தாள். அந்த மணியம்மைதான் பிடிவாதமாக உங்களிடம் அனுப்பி வைத்தது.

தூக்கம் கிடைத்ததும் விட்டிருக்கலாமே என்கிறீர்கள். இப்போதெல்லாம் அந்த நேரத்தில் நான் தூங்குவதில்லை, டாக்டர். விளம்பரம் வந்ததும் டிவியை ஊமையாக்கிவிட்டு என் பக்கம் திரும்புகிறாள். நான் ஏதாவது சொல்கிறேனா என்று என் உதட்டையே பார்க்கிறாள். கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் அவள் என் முகத்தை அப்படிப் பார்த்ததே இல்லை. எனக்குச் சந்தோஷமாக இருக்கிறது. சும்மா வாயை அசைத்துக்கொண்டிருப்பேன். புரிந்ததுபோலத் தலையாட்டுவாள். சில நாள் அவள் கண் கலங்கிவிடும். அன்பு என்றுதான் நினைக்கிறேன்.

காதில் ஒரு பழுதும் இல்லை என்று கண்டுபிடித்தது உங்கள் கெட்டிக்காரத்தனம். அவளிடம் மட்டும் சொல்லவேண்டாம். ஏதாவது மாத்திரை எழுதிக்கொடுங்கள். காது மெஷின் மாட்டினாலும் எனக்கு ஆட்சேபணை இல்லை. அவளுக்கு எது நல்லதோ அதைத்தான் இதுவரை செய்துவந்திருக்கிறேன்.

நீங்கள் ஏன் இப்படிக் குரலை உயர்த்துகிறீர்கள்? கொஞ்சம் மெதுவாகப் பேசுங்கள், டாக்டர். கதவுக்கு அந்தப் பக்கம்தான் உட்கார்ந்திருக்கிறாள், கேட்டுவிடும்.